மிஸ்ஸுக்கு ஒரு ஜாக்கெட்

அஸ்தம்பட்டியில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைத்துப் பிழைக்கிறவள் மெஹர்பானு. மகள் ஷாஹீனின் வகுப்பு டீச்சருக்குத் தீபாவளிக்குப் பட்டுச்சேலை எடுக்க வேண்டும், வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சில வருடங்களுக்கு முன் முடிவானது. கையில் காசில்லாததால், "அந்தச் சேலைக்கு ஜாக்கெட்டை நானே தெச்சுக் கொடுத்துடறேனுங்க" என்று சொல்லிவிட்டாள்.

காசு கொடுத்திருந்தால் அதோடு போயிருக்கும். ஜாக்கெட் கச்சிதமாக அமைந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்குக் கணக்கு மிஸ் துணி அனுப்பினார். பிறகு தமிழ் மிஸ், அதற்கப்புறம் தமிழ் மிஸ்ஸின் தங்கச்சி. கூலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. லைனிங் துணியும் இவள் செலவுதான்.

"பள்ளிக்கூட வாசல்லயே மெஷினைப் போட்டுக்க, அலைச்சல் மிச்சம்" என்பான் கணவன் முனீர்.

இந்தத் தீபாவளிக்கு, பல வருட வாடிக்கைக்காரி ஒருத்தி, "உங்களுக்கு டீச்சருங்க போதுமே, எங்க துணி எதுக்குங்க?" என்று வெட்டாமல் கிடந்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். ஷாஹீனுக்குப் பீஸ் கட்டுவதே இந்தச் சீசன் கூலியில்தான்.

சாயங்காலம் ஷாஹீன் புத்தகப்பையிலிருந்து, கணக்கு மிஸ் கொடுத்தனுப்பிய இன்னும் இரண்டு துணிகளை எடுத்து வைத்தாள்.

"முடியாதுன்னு சொல்லிடட்டுமாம்மா?"

"அடுத்த வருசமும் உனக்கு இதே மிஸ்ஸுதானா?"

"பன்னண்டாவது வரைக்கும் இவங்கதாம்மா."

மெஹர்பானு துணியைப் பிரித்து மேசைமேல் விரித்தாள்.

"கை நீளம் எவ்வளவு வைக்கணும்னு கேட்டுட்டு வந்தியா?" என்றாள்.