பொத்தான் ஓட்டில் இறங்கிய ரஹீமுன்னிசா

ரஹீமுன்னிசா என்ற பெயரை முதன்முதலில் நான் கேட்டது, என் ஓரகத்தி மகள் பெனிஷாவின் நிச்சயதார்த்தத்தன்று. அவள் ஜாக்கெட்டில் கை நுழையவில்லை. கல்மண்டபத்தில் அந்தப் பெயருள்ள தையல்காரியிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சரியாகும் என்றார்கள், ஆயிற்று. மூன்றாவதோடு பள்ளியை விட்டவள் அவள். பிறகு அந்தப் பகுதித் தையல்காரர் சங்கத்துக்கே தலைவியானாள்.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற டென்னிஸ், அவள் கடைக்குப் பேன்ட் சுருக்க வந்த இடத்தில் ஒரு கதை சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஜான்சன் என்று ஒரு தையல்காரர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். எழுதப் பழக்கியது மனைவி. ஊர் மன்றத்துக்குப் போய், மேயராகி, கவர்னராகி, கடைசியில் ஜனாதிபதியே ஆனார். பதவியைப் பறிக்கப் பார்த்தார்கள். ஒரே ஓட்டில் தப்பினார்.

"ஆனா அடிமையா இருந்து வெளிய வந்த ஜனங்களுக்கு ஓட்டு குடுக்கக் கூடாதுன்னு முரண்டு புடிச்சாரும்மா," என்றார்.

ரஹீமுன்னிசா மெஷினை நிறுத்தினாள். "நாம யாருக்கு அண்ணாத்தே குடுக்காம கீறோம்?"

பதிலும் அவளுக்கே தெரிந்திருந்தது. வீட்டிலிருந்தே சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கும் பெண்களுக்குச் சங்கத்தில் இடமில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர்களைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றாள். பெரிய கடை வைத்திருந்த ஆறுமுகநயினார் அண்ணாச்சி, அவர்களெல்லாம் சங்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடுப்பைச் சங்கம் பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். கையோடு அவளை இறக்கத் தீர்மானமும் கொண்டுவந்தார்.

படிக்காதவர்கள் நிறைய என்பதால் அங்கே ஓட்டு பொத்தானில்தான். அவள் இருக்கட்டும் என்றால் வெள்ளை, வேண்டாமென்றால் கறுப்பு. சரிசமமாக வந்தால் பதவி நிற்கும். ஓட்டு போட்ட டப்பாவைக் கொட்டினார்கள். வெள்ளை இருபத்தொன்று, கறுப்பு இருபத்திரண்டு, ஒரு ஜாக்கெட் ஹூக்.

ஜாக்கெட் மட்டுமே தைக்கிற ஜெரி, பையில் கைவிட்ட பழக்கத்தில் அதைப் போட்டிருந்தான். "அது என்னுதுக்கா, உனக்குத்தான்," என்று எழுந்தான்.

"உக்காரு ஜெரி. எழுந்து சொல்ற ஓட்ட எனக்காக எண்ணிட்டா, அண்ணாச்சி கடையில வேலை செய்றவன் நாளைக்கு எப்டி தைரியமா பட்டன் போடுவான்?"

சங்கச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கினாள். மறுநாள் காலையே காஜாப் பெண்களைத் தேடி வீடுவீடாகப் போக ஆரம்பித்தாள். சில வீடுகளில் புருஷன்மார் கதவைச் சாத்தினார்கள். அந்த வீடுகளுக்கு மறுபடி மறுபடி போனாள். நாலு மாதம் நடந்தாள்.

இப்போது ரஹீமுன்னிசா தண்டையார்பேட்டையில் இருக்கிறாள், அறுபத்துமூன்று காஜாப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவியாக.