கைதட்டலுக்காக விழுங்கிய வாக்கியம்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். எண்பத்து நான்காம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிறு முற்பகல். திண்டிவனத்தில் கல்லூரி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டிக்கு விழுப்புரத்திலிருந்து சென்றிருந்தேன். ஏறிய மேடையிலெல்லாம் பரிசு பெற்றவன் என்ற செருக்கு எனக்குண்டு. அதை மறைத்ததும் இல்லை.

தலைப்பு, ‘அறிவியல் நோயை வெல்லும்’. எங்கள் விலங்கியல் பேராசிரியர் படிக்கக் கொடுத்த ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரத்தப் புற்றுநோய்ச் செல் என்பது முதிராமல் பாதியில் நின்றுவிட்ட செல். வெளியிலிருந்து வரும் கட்டளையைச் செல்லுக்குள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசெல்பவை கைனேஸ் என்னும் நொதிகள். அவற்றைச் சரியாகத் தூண்டினால் செல் முதிர்கிறது, கண்டபடி பெருகுவதை நிறுத்துகிறது. இவ்வளவும் அதில் இருந்தது. இது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் மட்டுமே கண்டது, மருந்தாக இன்னும் வரவில்லை என்பதும் இருந்தது. அந்த வாக்கியம் முழக்கத்தின் ஓட்டத்தைக் கெடுத்தது. விட்டுவிட்டேன். “ஊசி வேண்டாம், வேதனை வேண்டாம், புற்றைக் கொல்ல வேண்டாம், பக்குவப்படுத்தினால் போதும்!” என்று முடித்தேன். முதல் பரிசு எனக்கே.

வாசலில் தள்ளுவண்டியில் மல்லாட்டை என்னும் நிலக்கடலையை வறுத்து விற்றுக்கொண்டிருந்தவர் என்னை வழிமறித்தார். அருகில் தலையில் துணி கட்டிய மகள்; பதினான்கு வயதிருக்கும். ஒலிபெருக்கியில் என் பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார்கள்.

“சார், எம் பொண்ணுக்கு அதே ரத்தப் புத்துதான். பாண்டிச்சேரில வைத்தியம் பண்ணிக்கினு இருக்கோம். அந்தப் பக்குவப்படுத்துற மருந்து எங்க சார் கெடைக்குது?”

“நாளைக்கு ஊசி போடற நாளுண்ணா,” என்றாள் அவள். “நான் போவ மாட்டேன். நீங்க சொன்ன மருந்தே போதும்.”

போட்டியை நடத்தியவர் குறுக்கே வந்தார். “யோவ், மேடைப் பேச்சுன்னா அப்படித்தான்யா இருக்கும். மல்லாட்டை விக்கிறவனுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? ஜல்தி வண்டிய நகத்து!”

சினம் தலைக்கேறியது. “இவர் கேட்கக் கூடாதென்றால், ஒலிபெருக்கியை எதற்காகத் தெருவைப் பார்த்துக் கட்டினீர்கள்?” என்று கத்தினேன். கத்தும்போதே அந்தக் கேள்வி என்னையும் சுட்டது. போட்டியை நடத்தியவர் அந்தப் பேச்சுக்குச் சாக்கு மட்டுமே சொன்னார். பேச்சைச் சமைத்தவன் நான்.

“அந்த மருந்து இன்னும் வரலைங்க,” என்றேன் தந்தையிடம். “அதை நான் மேடையில சொல்லாம விட்டுட்டேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் திரும்பி மல்லாட்டையைக் கிளறத் தொடங்கினார். மகள்தான் பேசினாள். “நல்லா பேசுனீங்கண்ணா. ஒரு அஞ்சு நிமிசம் எனக்கு ஒடம்பு சரியாப் போயிட்டுது.”

யாரும் என்னை இப்படி அறைந்ததில்லை. நாளை ஊசிக்குப் போகும்படி கெஞ்சினேன்.

“அப்ப இதையும் மைக்குலயே சொல்லுங்க. சொன்னாத்தான் போவேன்.”

உள்ளே ஓடி, நன்றியுரைக்கு நடுவே மேடையேறினேன். போட்டியை நடத்தியவர் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார், உதறினேன். விட்ட வாக்கியத்தை ஒரு சொல் குறையாமல் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. வாசலில் நின்றவள் தலையசைத்தாள். மறுநாள் பாண்டிச்சேரிக்குப் போகவும் செய்தாள். அவளைப் பார்த்தபடியே, ஊர் கேட்க, அன்று அதே மைக்கில் உரக்கச் சொன்னேன்: “பாதி உண்மையை மறைத்து வாங்கும் கைதட்டல் இனி எனக்கு வேண்டாம். இன்னும் தெரியாததைத் தெரியாது என்றும், இன்னும் வராததை வரவில்லை என்றும், எந்த மேடையிலும் இதே குரலில் சொல்வேன்.”