நூறு மீட்டருக்குள் ஒரு மனை

எங்கள் வீட்டை நாங்களே இடித்தோம். மழை இடிக்கவில்லை, புயல் இடிக்கவில்லை. ஜேசிபிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவே வேடிக்கை பார்க்க நாங்களே இடித்தோம். இதைச் சொல்ல இன்றைக்கும் நா கூசுகிறது.

பெரிய காஞ்சிபுரத்தில், மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் ஒரு பழைய கற்கோயிலுக்குப் பக்கத்துத் தெரு எங்களுடையது. ஓட்டு வீடு. முன்கட்டில் நானும் என் மனைவியும். பின்கட்டில் அக்கா, அத்தான் போனதிலிருந்து தனியாக. தம்பி சென்னையில். வீட்டை இடித்துவிட்டு மூன்று பேருக்கும் தனித்தனியாக வீடு கட்டலாம் என்று கிளம்பியது நான்தான். அக்காவுக்கு இஷ்டமே இல்லை.

"ஓடு மாத்தினா போதும்பா. எனக்கு இங்க இன்னா கொறை?" என்றாள்.

"கீழ் வீடு உனக்குத்தான்க்கா, உன் பேர்லயே எழுதிடறேன்" என்று பேசிப் பேசியே அவளைக் கரைத்தேன்.

பிளானுக்கு மனு கொடுத்தோம். பதில் வருவதற்குள் ஆனி முடியப் பார்த்தது. ஆடியில் யாராவது வீட்டு வேலை தொடங்குவார்களா? வீட்டை இடிக்க ஜோசியர் ஆனியின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தார். "அப்ரூவல் பின்னாடி வரும் சார், நாளைத் தவற விட்டுடாதீங்க" என்றார் மேஸ்திரி. ஆடி பிறந்துவிடுமே என்றுதான் எனக்குப் பயம். சட்டம் என்று ஒன்று இருப்பது புத்தியிலேயே ஏறவில்லை. இத்தனைக்கும் கோயில் வாசலில் நீலப் பலகை ஒன்று இருக்கிறது. நூறு மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை என்று அதில் தமிழிலேயே எழுதியிருக்கிறது. தினமும் அதன் கீழேதான் வண்டியை நிறுத்துவேன். யாரோ வெளியூர்க்காரர்களுக்கு எழுதியது என்று நினைத்தேன் போல. மடையன்.

ஆடியிலேயே தொல்லியல் துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து டேப் பிடித்து அளந்தார். மனை மொத்தமும் நூறு மீட்டருக்குள் வந்தது.

"பழைய வீடு நின்னுக்கினு இருந்தா பர்மிஷன் வாங்கி ரிப்பேர் பண்ணிக்கலாம் சார். ஓடு மாத்திக்கலாம். இப்ப புதுசா ஒரு செங்கல் வெக்க முடியாது. இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு மூச்சு வந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்களே, மோர் குடிக்கிறீங்களா?" என்று அவரைக் கேட்டாள். கேட்ட பிறகுதான் மோர் எடுத்துவர வீடு இல்லை என்பது அவளுக்கே உறைத்தது. நான் செங்கல் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நானும் என் மனைவியும் அக்காவும் வாடகைக்கு ஒரு மாடியில் இருக்கிறோம். தம்பி என் போனை எடுப்பதில்லை. "எப்பப்பா கடக்கால் தோண்டப் போற?" என்று தெருவில் யாராவது கேட்டால், "பிளான் போயிருக்குது" என்று புளுகிவிட்டு நடையைக் கட்டுகிறேன்.

போன மாதம் கீழ் வீட்டில் குடியிருப்பவரின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வாடகை வீட்டுக்குள் பிணம் வரக்கூடாது என்று வீட்டு ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டு போனார்கள். அக்காவுக்கு இரண்டு தடவை நெஞ்சுவலி வந்து போயிருக்கிறது. அன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே அவள் என்னிடம் சொன்னாள்:

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த மாடிக்கு ஏத்த விடமாட்டாங்கடா. நம்ம மனைல ஒரு பந்தல் போட்டு அரை நாள் வெச்சிட்டு எடுத்துக்கினு போங்க. பந்தலுக்கும் தடை இருக்குதான்னு இப்பவே கேட்டு வெச்சிக்கோ. அவசரத்துல மறுபடியும் கேக்காம பண்ணிடாத."

அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அந்தத் தொல்லியல் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் மனையில் ஒரே ஒரு நாளைக்குப் பந்தல் போடலாமா என்று கேட்டேன்.

"தாராளமாப் போடுங்க" என்று சிரித்தார் மேசையில் இருந்தவர். "வீட்ல என்ன விசேஷம் சார்?"