எல்லாத் தண்ணீரும் அண்ணனூர்த் தண்ணீர்

ஒரு மென்பொருளை எழுதியவரையே அதில் என்ன குறை என்று கேட்டுவர அனுப்பக் கூடாது. அம்பத்தூர் அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்பினார்கள். பூந்தமல்லி பக்கம் நிலத்தடி நீரை ஆராயும் கூடம் ஒன்றுக்கு மூன்று வருடம் முன்பு அதை எழுதிக் கொடுத்தவள் நான். ஒவ்வொரு தண்ணீர் மாதிரியும் எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்ற விவரங்களைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. மெட்டாடேட்டா என்று பெரிய பேச்சாகப் பேசுவோம். பாட்டிலில் ஒட்டும் சீட்டு என்றாலே போதும்.

புதிய பதிப்பில் யாருக்கு என்ன தேவை என்ற கேள்விகளை அச்சடித்துக்கொண்டு வானகரத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனேன். கூடத்தின் தலைவர், எல்லாம் நன்றாகவே இருக்கிறது, நாலு வண்ண வரைபடம் மட்டும் வந்தால் போதும் என்றார். ஆராய்ச்சியாளர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையோடு ஒன்றைக் காட்டலாம் என்று, மாதிரி எடுத்த இடங்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் அண்ணனூரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அங்கே இருக்கும் மின்ரயில் பணிமனைக்கு அடியிலா இத்தனை கிணறு?

யார் பதிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். மூலையில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பெண் உதவியாளரைக் காட்டினார்கள். என் வயதுதான் இருக்கும். ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் எடுப்பதும், வந்து கணினியில் ஏற்றுவதும் அவர்தான். அதுவரை அவரிடம் ஒரு கேள்வி கேட்க எனக்குத் தோன்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார்.

"நாங்க போற எடம் பாதி அந்த லிஸ்ட்ல கெடையாது, மேடம். எதயாச்சும் தொட்டாதான் அடுத்த பக்கம் வுடுது. மொதல்ல கீற பேர தொட்டுடுவேன்."

படிவத்தில் நான் கொடுத்திருந்த ஊர்ப் பட்டியலில், அகர வரிசையில் முதலில் நின்றது அண்ணனூர். இடத்தைக் குறிக்காமல் யாரும் நகர முடியாதபடி பூட்டுப் போட்ட புத்திசாலி நான். அவர் குரல் இறங்கியது. ஒப்பந்த வேலை, அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், மூன்று வருட வேலையைக் கெடுத்துவிட்டாள் என்று அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையான இடங்களை எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

இழுப்பறையிலிருந்து நாலு நோட்டுகளை எடுத்து வைத்தார். பிரித்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். குமணன்சாவடி தாண்டி டயர் கடைக்குப் பின்னால் உள்ள கிணறு, மழைக்கு மறுநாள், பக்கத்தில் சாக்கடை அடைப்பு, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எடுத்தது. பாட்டில் எண்ணோடு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குறிப்பு. சாக்கடை அடைப்பை எழுத என் படிவத்தில் இடமே கிடையாது. படிக்கப் படிக்கக் கை பரபரத்தது. அச்சடித்த கேள்விகளின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இருவரும் சாப்பாட்டையே மறந்துவிட்டோம்.

மாலையில் தலைவரிடம் வரைபடத்தைக் காட்டினேன். முகம் கறுத்தது. யார் இப்படிப் பதிந்தது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், பொய் சொன்னால்தான் விடுவேன் என்று படிவம் அடம்பிடித்தது, படிவம் என்னுடையது என்று சொல்லி நோட்டுகளை அவர் முன் வைத்தேன். நின்றபடி நாலைந்து பக்கம் புரட்டினார். பிறகு உட்கார்ந்து படித்தார். இந்த நோட்டுகள் இல்லையென்றால் நம் ஆராய்ச்சியே இல்லை என்று உதவியாளரைப் பார்த்தே சொன்னார். அடுத்த மாதம் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது உதவியாளரிடம், உங்களுக்கென்று இதில் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"தண்ணி எடுத்தவங்க பேருன்னு ஒரு கட்டம் வெய்யுங்க, மேடம். தப்புன்னா யாருன்னு கேக்குறாங்க இல்ல, சரியா இருந்தாலும் தெரியட்டும்."

ஆராய்ச்சியாளர்களின் பெயருக்கு நான் மூன்று கட்டம் வைத்திருந்தேன். அங்கேயே உட்கார்ந்து, நாலாவதைப் போட்டுவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன்.