மாஸ்டரின் வலது கால்

மாஸ்டருக்கு வயது இருபத்தைந்து. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. அங்கே சொல்லிக்கொடுக்கிறவர்களை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அம்மா கிண்டலுக்காக ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாள், அதுவே நிலைத்துவிட்டது. நாலு வருடத்தில் எழுநூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. ஓட்டவும் அதிகம் வாய்ப்பதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஓட்டுவது மற்றவர்கள். இவன் பக்கத்துச் சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பள்ளிக் காரின் தலையில் ஒரு மஞ்சள் பலகை இருக்கும். மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் அந்தக் காருக்கே மூச்சு வாங்கும். சைக்கிளில் போகிற தபால்காரர்கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவார். இப்படி நாலு வருடம் ஊர்ந்தவன், வாங்கினால் பறக்கிற காராகத்தான் வாங்குவது என்று முடிவு செய்ததில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

ஷோரூமில் அந்தக் காரைப் பார்த்துவைத்திருந்தான். கருநீலம். இரண்டே கதவு. உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். படத்தைக் காட்டியதும் அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதுல ஏறணும்னா நான் முதல்ல படுக்கணும், அப்புறம் உருளணும். இறங்குறதுக்கு ஆள் வைக்கணும்."

வீட்டின் தீர்ப்பு, அதே ஷோரூமில் நிற்கும் வெள்ளை நிற உயரமான கார். நாலு கதவு, பின்னால் பெட்டி வைக்கத் தாராளமாக இடம். அக்கா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. "சனிக்கிழமை நானும் வர்றேன், பாத்துட்டுச் சொல்லலாம்" என்றாள்.

அக்கா வருகிறாள் என்றதுமே இவன் ஏதாவது சாக்குச் சொல்லி அவளை வீட்டிலேயே நிறுத்தப் பார்த்தான். அதற்குக் காரணம் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலை பார்க்கிறாள். இவனைவிட நாலு வயது மூத்தவள். மூன்று மாதம் முன்பு இவனிடமே கார் கற்றுக்கொள்ள வந்தாள். இரண்டாம் நாள் ஒரு திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். அக்கா பிரேக்கைத் தேடவே இல்லை. ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். பள்ளிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. இவன் அதை மிதித்ததால் சைக்கிள்காரர் தப்பித்தார். அக்கா காரை விட்டு இறங்கி, சாலை ஓரத்தில் நின்று அழுதாள். "எனக்கு இது வராதுடா, விட்டுடு" என்றாள்.

அன்றிலிருந்து இவன் ஒரு தந்திரம் செய்தான். பிரேக் தேவைப்படும் இடம் வருவதற்கு ஒரு கணம் முன்பே தன் பெடலை மெல்ல, வெண்ணெயை அழுத்துவது போல அழுத்திவிடுவான். கார் பதமாக நிற்கும். "பாத்தியா, எவ்வளவு அழகா நிறுத்தற!" என்பான். அக்கா கியரை மாற்றுவாள். நாளுக்கு நாள் அவள் முகம் தெளிவதாக இவனுக்குத் தோன்றியது. லைசென்ஸ் தேர்வில் அதிகாரி பின்சீட்டில் இருந்தார், மாஸ்டர் தன் வழக்கமான இடத்தில். அன்றும் இரண்டு தடவை அவன் கால்தான் வேலை செய்தது. அக்கா தேறிவிட்டாள். வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். இவன் மட்டும் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த லைசென்ஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதில் பாதி தன் காலுக்குச் சேர வேண்டியது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொன்னால் அக்கா இனி ஸ்டியரிங் பக்கமே போகமாட்டாள். சொல்லாவிட்டால், என்றாவது ஒருநாள் இவன் பக்கத்தில் இல்லாதபோது ஒரு சைக்கிள் குறுக்கே வரும். இதை நினைத்து நினைத்தே மனுஷன் மூன்று வாரமாக அரைத் தூக்கம்தான்.

சனிக்கிழமை காலை ஷோரூமில் ஒரு விற்பனைக்காரன் ஓடிவந்து வரவேற்றான். இவன் வயதுதான் இருக்கும். கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கமாக டை கட்டியிருந்தான். நாமும் அவனை டை என்றே வைத்துக்கொள்வோம். முதலில் மாஸ்டர் கருநீலக் காரை ஓட்டினான். டை பக்கத்தில், அக்கா பின்னால். ஊருக்கு வெளியே போகும் அகலச் சாலையில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றியபோது முதுகு சீட்டோடு ஒட்டியது. நாலு வருடத்துக்குப் பிறகு தலையில் பலகை இல்லாமல் போகிறோம் என்ற நினைப்பே அவனைச் சிரிக்க வைத்தது. வெள்ளைக் கார் மனதிலிருந்து மறைந்தேபோனது.

பெட்ரோல் பங்க் அருகே டை நிறுத்தச் சொல்லி, இறங்கி முன்சீட்டை மடக்கினான்.

"மேடமும் லைசென்ஸ் வச்சிருக்காங்கன்னு சொன்னாங்களே. திரும்பிப் போறப்ப அவங்க ஓட்டிப் பாக்கட்டும் சார்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "வேணாங்க, அவளுக்குக் கால் எட்டாது."

"சீட்டை முன்னாடி தள்ளினா எட்டும்" என்று அக்கா அதற்குள் இறங்கிவிட்டாள். "ஏன்டா, நீதானே சொல்லிக்கொடுத்த? உன் மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

டை சிரித்தான். ஒரு அந்நியன் முன்னால் எப்படிச் சொல்வது? டை பின்சீட்டுக்குள் நுழைந்து, முழங்காலை மோவாயோடு சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா கண்ணாடிகளைச் சரிசெய்தாள், பெல்ட்டைப் போட்டாள். மாஸ்டர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். நாலு வருடமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் வாசகம் தானாக வாயிலிருந்து வந்தது.

"பயப்படாதே, நான் இருக்கேன்."

சொல்லிக்கொண்டே வலது காலை நீட்டினான். கால் போய்த் தட்டையான தரையில் நின்றது. பெடல் இல்லை. தரையில் விரித்திருந்த காகித விரிப்புதான் சரசரத்தது.

கார் புறப்பட்டது. பள்ளிக் காருக்குப் பழகிய அக்காவின் கால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதற்கே இது பாய்ந்தது. நாற்பது. ஐம்பது. "மெதுவா" என்றான். அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் உதடு இறுகியிருந்தது. அறுபது. ஒரு மோட்டார் சைக்கிள் இடையில் நுழைந்து போனது. இவன் கால் தரையை அழுத்தியது. பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி குடையோடு சாலையில் ஒரு அடி வைத்துப் பின்வாங்கினாள். மறுபடியும் அழுத்தியது. சட்டைக்குள் வியர்வை இறங்கியது.

"சஸ்பென்ஷன் எப்படி இருக்கு மேடம்?" என்று பின்னாலிருந்து டை கேட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

சாலை சரிவாக இறங்க ஆரம்பித்தது. சரிவின் முடிவில் சிக்னல். முன்னால் ஒரு லாரி, அதன் பின்பக்கம் இரும்புக் கம்பிகள் ஒரு ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முனையில் கட்டிய சிவப்புத் துணி படபடத்தது. கம்பிகள் சரியாக இவர்கள் முகத்தின் உயரத்தில் இருந்தன. வெள்ளைக் காராக இருந்தால் மோதினாலும் முன்பக்கத்தோடு போயிருக்கும் என்று அந்த நேரத்தில்கூட மாஸ்டருக்குக் கணக்கு ஓடியது. சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. லாரியின் சிவப்பு விளக்குகள் எரிந்தன.

மாஸ்டர் வலது காலைத் தன் பலம் முழுவதையும் போட்டு மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. கம்பிகள் நெருங்கி வந்தன.

"அக்கா! பிரேக்! எனக்கு இங்க பிரேக் இல்ல! எல்லா நாளும் நான்தான் மிதிச்சேன், உனக்குத் தெரியாது, நான்தான்..."

அவன் கத்தி முடிக்கும்போது கார் நின்றிருந்தது. குலுங்கவில்லை, அலறவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். கம்பிகளுக்கும் இவர்களுக்கும் நடுவே இன்னொரு கார் நிறுத்தலாம்.

சிக்னலில் சிவப்பு எண்கள் தொண்ணூறிலிருந்து இறங்க ஆரம்பித்தன. அக்கா கியரை விடுவித்தாள்.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"நீ அந்தப் பக்கம் மிதிச்சா இந்தப் பக்கப் பெடலும் தானா கீழே போகுது. ரெண்டும் ஒரே கம்பியில கட்டியிருக்கு. என் கால் அதுக்கு மேலதானே இருந்துச்சு? பெடல் நழுவிப் போறது எனக்குத் தெரியாதா?"

எழுநூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் காரை அவன் ஓட்டியபோதெல்லாம் பக்கத்துச் சீட் காலியாகத்தான் இருந்தது. இன்னொருவர் கால் தன் காலுக்குக் கீழிருந்து பிரேக்கைப் பிடுங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

"அப்பவே ஏன் சொல்லல?"

"முதல் வாரம் நிம்மதியா இருந்துச்சு, அதான் சொல்லல. அப்புறம் எரிச்சல் வந்துச்சு. உனக்கு முன்னாடி நான் மிதிச்சுடணும்னு தினமும் போட்டி போட்டேன். ஒருநாள், ஒரே ஒருநாள் நீ விட்டுக்கொடுத்தியா? நான் மிதிக்கப் போவேன், அது ஏற்கெனவே கீழே கிடக்கும். நீ வேற அழகா நிறுத்தறேன்னு பாராட்டுவ." அவள் கண் கலங்கிவிட்டது. "லைசென்ஸ் கையில இருக்கு. ஆனா எனக்கு பிரேக் போடத் தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியல. பெடல் இல்லாத வண்டியில உன்னை உக்கார வச்சு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்னு இன்னிக்கு வந்தேன்."

"என்னை மட்டுமா வச்சு ஓட்டின? பின்னாடி ஒரு ஆள் இருக்காரு!"

"மேடம்" என்றது பின்னாலிருந்து ஒரு மெலிந்த குரல். டை தன் டையைத் தளர்த்திக்கொண்டிருந்தான். "சிக்னல் விழறதுக்குள்ள நான் இங்கேயே இறங்கிக்கவா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்டருக்கு வரவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். பயந்தது யார் என்று இப்போது தெரிந்தது.

பச்சை விழுந்தது. அக்கா ஷோரூம்வரை ஓட்டினாள். மூன்று இடத்தில் பிரேக் போட்டாள். மூன்றாவதில் கொஞ்சம் அதிகமாகவே போட்டு எல்லாரையும் முன்னால் தள்ளினாள். மாஸ்டர் இரண்டு காலையும் சீட்டுக்கடியில் மடக்கிவைத்துக்கொண்டு, எதுவும் சொல்லாமல் வந்தான். அவன் வாழ்க்கையிலேயே கடினமான பத்து நிமிடம் அதுதான்.

காரை விட்டு இறங்கியதும் டை குனிந்து காகித விரிப்புகளை எடுத்தான். ஓட்டும் பக்கத்து விரிப்பில் லேசான மடிப்புகள். பக்கத்துச் சீட்டு விரிப்பு, வலது கால் படும் இடத்தில் கிழிந்து தொங்கியது. அவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கசக்கிப் போட்டான்.

"எந்த வண்டி சார் முடிவு பண்றீங்க?"

மாஸ்டர் அக்காவைப் பார்த்தான். "இதை எடுத்தா நீயும் ஓட்டுவியா? ரெண்டு சாவி தருவாங்க."

அக்கா யோசித்தாள். "ஓட்டறேன். ஆனா நீ பக்கத்துல உக்காரக் கூடாது."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுநூறு பேர் பக்கத்தில் உட்கார்ந்தவனை, கூடப் பிறந்தவளே வேண்டாம் என்கிறாள். அதில் தப்பும் இல்லை என்று தெரிந்ததால்தான் இன்னும் அதிகமாக வலித்தது. அப்புறம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் போய், முன்சீட்டை மடக்கி, பின்சீட்டுக்குள் நுழைந்தான். தலை கூரையில் இடித்தது. முழங்கால் மோவாயில் முட்டியது. காலை முன்னால் நீட்டிப் பார்த்தான், நீட்ட இடமே இல்லை.

"இதையே எடுத்துக்கலாம்" என்றான்.