ஃபேனைப் பார்க்க மறந்தேன்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் எதையெதையோ எழுதி மழுப்பிவிட்டேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்குக் கிடைக்க இருந்த வேலையை நான்தான் கெடுத்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை... பாசத்தில்!

ஈப்போவில் திரேசா அக்கா நடத்தும் சனிக்கிழமை வகுப்பைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஸ்கூல் டீச்சர். உடல் குறையுள்ள இளம் பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பெண்ணைத் துணைக்கு விட்டிருக்கிறார். நாங்கள் ஏழு பேர். 'துணையக்கா' என்பார்கள். கடைக்குப் போக, ஃபாரம் நிரப்ப, வேலை கேட்க — எல்லாம் கூட இருந்து பழக்க வேண்டும்.

திரேசா அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. "புள்ளைய யாராச்சும் கேள்வி கேட்டா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. மேல ஃபேனப் பாருங்க." ஆபீஸ், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நாங்கள் ஃபேனைப் பார்ப்போம். எங்களுக்கெல்லாம் கழுத்து சுளுக்கு என்று ஊரில் நினைத்திருப்பார்கள்.

எனக்குக் கிடைத்தவள் லெட்சுமி. வயது இருபது. சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, இடது காலில் இரும்புப் பட்டை. பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். தமிழில் ஒரு கொம்பு, ஒரு புள்ளி விட மாட்டாள்.

வீட்டில்? தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவளைப் பக்கத்து வீட்டில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு வேலை கெடச்சா போதுங்க்கா. அப்புறம் என்னைய ஒளிஞ்சிக்கச் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

ஈப்போவில் ஓர் அச்சகத்தில், கல்யாண அட்டைகளில் பிழை பார்க்க ஆள் கேட்டார்கள். நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதமாக இரண்டு பஸ் மாறித்தான் லெட்சுமி வகுப்புக்கு வருகிறாள். அன்றைக்கும் பஸ்ஸிலேயே வருவதாகச் சொன்னாள். நான் விடுவேனா? புதுப் பாவாடை கசங்கும், வெயிலில் முகம் வாடும்... என் டாட்சன் காரை எடுத்துக்கொண்டு அவள் லயத்து வீட்டு வாசலுக்கே போய்விட்டேன். திரேசா அக்காவிடம் மூச்சு விடவில்லை.

அச்சக முதலாளி நல்ல மனிதர்தான். ஓர் அட்டையை நீட்டினார். லெட்சுமி நாலு பிழை கண்டுபிடித்தாள் — அதில் ஒன்று மாப்பிள்ளையின் பெயரிலேயே! அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு கேட்டார்.

"எஸ்டேட்டுல இருந்து தெனம் எப்படிம்மா வருவ?"

லெட்சுமி வாயைத் திறந்தாள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது... நான் பார்த்தேனா?

"அதெல்லாம் நான் காடியில கொண்டாந்து விட்டுர்றேங்க" என்றேன்.

"எத்தன நாளைக்குங்க?" என்றார் அவர். "எட்டு மணிக்கெல்லாம் கடை தொறந்துருவோம். உங்களுக்குக் காய்ச்சல்னா இந்தப் புள்ளைக்கு லீவா? பார்த்துச் சொல்றேன் லா."

திரும்பும்போது லெட்சுமி வீடு வரைக்கும் வரவில்லை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனைக் கன்று நட்டிருக்கும் எஸ்டேட் முனையிலேயே இறங்கிக்கொண்டாள்.

"பஸ்ல வருவேன்னு சொல்ல வந்தேங்க்கா."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சனிக்கிழமை திரேசா அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். "ஆறு மாசமா அந்தப் புள்ள ரெண்டு பஸ் ஏறி வருது. ஒன் கண்ணுக்கு அது படவே இல்லியா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. நானே போய் முதலாளியிடம் பேசட்டுமா என்றேன். "நீ பேசுன வரைக்கும் போதும். அவ பாத்துக்குவா" என்றார்.

பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு அச்சகத்தின் பூட்டிய கதவு முன்னால் போய் நின்றிருக்கிறாள். செவ்வாயும் நின்றிருக்கிறாள். புதன்கிழமை முதலாளி சாவியோடு வந்தவர், "இன்னிக்கும் பஸ்ஸா? அக்கா வரலியா?" என்று கேட்டிருக்கிறார்.

"வேலை எனக்குத்தானேங்க" என்றிருக்கிறாள். அன்றைக்கே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. அச்சகத்து வாசலில் டாட்சனை நிறுத்தி, "ஏறு, வீட்டுல விடறேன்" என்றேன். பட்டும் புத்தி வரவில்லை, பாருங்கள்.

"வேணாங்க்கா. நீங்க வேணா எங்கூட பஸ்ல வாங்க" என்றாள். "நாளைக்குத் தங்கச்சியப் பாக்க வேற ஆளுங்க வாராங்க. இந்தத் தடவ நான்தான் காப்பி குடுக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க."

காடியைப் பூட்டிவிட்டு அவள் பின்னாலேயே பஸ் ஏறினேன். ஏறி எத்தனை வருஷம் ஆயிற்றோ!

"எங்க எறங்கணும்மா?" என்று கண்டக்டர் என்னைக் கேட்டார். எங்கே இறங்கி எந்தப் பஸ் மாறுவது? ஒன்றும் தெரியவில்லை. திருதிருவென்று விழித்து லெட்சுமியைப் பார்த்தேன்.

அவள் பஸ்ஸின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஃபேன்கூட இல்லை.