மலைக்கு முதுகு காட்டிய சுவர்

விமலா மேடம் இறந்துபோன செய்தியை நான் அறிவிப்புப் பலகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆய்வறிக்கை கொடுக்கக் கடைசி நாள் எது என்ற அறிவிப்புக்கும், விடுதியில் இரண்டு நாள் தண்ணீர் வராது என்ற அறிவிப்புக்கும் நடுவே அரைத்தாளில் தட்டச்சு செய்து குத்தியிருந்தார்கள். கட்டட வடிவமைப்புப் பேராசிரியை திருமதி விமலா நேற்று மாரடைப்பால் காலமானார், இரங்கல் கூட்டம் மாலை நான்கு மணிக்கு, அனைவரும் தவறாமல் வரவும். பதினாறு வருடம் அவருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து கட்டுமானப் பாடம் நடத்தியவன் நான். என் அறைக் கதவைத் தட்டிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தாளின் ஒரு மூலை குண்டூசி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரியாகக் குத்திவிட்டு வகுப்புக்குப் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூட்டத்தில் துறைத் தலைவர் அரை மணி நேரம் பேசினார். அதில் 'புதுமை' என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று எண்ண ஆரம்பித்து, கோபத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. அவருக்குப் பின்னால் பெரிய படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் நாங்கள் கட்டிய இளைப்பாறும் மண்டபத்தின் படம். செங்கல் வளைவுக் கூரை, வழவழவென்ற தரை, நீளமான நிழல். படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. மாணவர்கள் இப்படிப்பட்ட படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் மேடம் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும். "ஆளே இல்லை பாருங்க. அதான் இவ்வளவு அழகா இருக்கு."

அவருடைய புதுமையைப் பற்றித் துறையின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இதுவாக இருக்காது. அவரை அறிந்த உங்களுக்கு அந்த மண்டபத்தின் கதை பாதிதான் தெரியும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது, அதை நான் இத்தனை வருடம் வாயைத் திறந்து சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் மலை சுற்ற வருகிறவர்கள் உட்கார ஒரு மண்டபம் வேண்டும், இரும்பும் சிமெண்டும் கம்மியாகப் பிடிக்கிற புது முறையில் வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டார்கள். வடிவமைப்பு மேடம். கூரைக் கணக்கு நான். எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். எங்கள் கடலைக்காட்டு வரப்பில் நின்றாலே மலை தெரியும். தீபத்துக்கு வருடா வருடம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தவன். இதைச் சொல்லித்தான் என்னை இந்த வேலையில் சேர்த்தார்கள், ஊர்க்காரர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று.

மேடம் காகிதத்தை நம்பமாட்டார். "உக்காந்து பார்க்காம கட்டடம் முடியாதுங்க குமரேசன்" என்பார். அதனால் பல்கலைக்கழக மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் மண்டபத்தை முழு அளவில் கோடு போட்டார். மாணவர்களையும் கேண்டீன்காரர்களையும், கூட்டிப் பெருக்குகிற அம்மாக்களையும் வரவழைத்து உள்ளே உட்கார வைத்தார். ஒருவர் காலை நீட்டினால் அடுத்தவருக்கு இடிக்கிறதா, குழந்தையைப் படுக்க வைக்க இடம் போதுமா என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். கோட்டை அழித்து மறுபடி போட்டார். இரண்டு நாள் இது நடந்தது. எல்லாவற்றையும் சோதித்தார். அந்த மைதானத்தில் இல்லாதது மலை ஒன்றுதான்.

பாதைக்கு இடப்புறம் மண்டபம். எதிரே, கிழக்கில், மலை. பாதைப் பக்கம் முழுக்க அடைத்த சுவர், வயல் பக்கம் திறப்பு, மேற்கிலிருந்து காற்று வரும் என்று திட்டம் முடிவானது. அந்தச் சுவர் தூசிக்காக வந்தது என்று அறிக்கையில் இருக்கிறது. அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. வளைவுக் கூரை இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். வயல் பக்கம் முட்டுச்சுவர்கள் கொடுத்து அதைத் தாங்கினேன். பாதைப் பக்கம் முட்டுச்சுவருக்கு இடமில்லை, வைத்தால் சாலை நிலத்துக்குள் போய்விடும். ஓட்டை இல்லாத தடிமனான ஒரே சுவராகப் போட்டால் கணக்கு சுலபம். அந்தச் சுவர் மேடத்துக்கு வேண்டியிருந்ததைவிட எனக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது.

வரைபடம் அச்சுக்குப் போகும் முன் அவர் என் அறைக்கு வந்தார். "நீங்க அந்த ஊர்க்காரர். ஏதாவது தப்பா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

"ஸ்ட்ரக்சர்ல ஒரு குறையும் இல்ல மேடம்" என்றேன். அவர் கேட்டது அதையல்ல என்று எனக்குத் தெரியும்.

கட்டும்போது இன்னொரு வாய்ப்பு வந்தது. அடி அண்ணாமலை முனுசாமி மேஸ்திரிதான் கட்டினார். சுவர் இடுப்பு உயரம் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. இத்த மூடிட்டா உள்ள குந்தறவன் மலைக்கு முதுகு காட்டிக்கினு இல்ல குந்தணும்? சுத்த வந்தவன் எவன் அப்படிக் குந்துவான்? மேடத்தாண்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"அதெல்லாம் மேடம் யோசிச்சுத்தான் போட்டிருக்காங்க. நீங்க வேலையப் பாருங்க மேஸ்திரி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. கூரை வேண்டும் எனக்கு. அப்புறம், துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று, மலைக்கு முதுகு காட்டக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்று பேச வெட்கமாக இருந்தது. கிராமத்திலிருந்து வந்தவன் என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொள்வதுபோல இருந்தது. படித்து வாங்கிய மரியாதையை அங்கே போய்த் தொலைக்க மனம் வரவில்லை.

கூரை ஏறியது. மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதித்தோம். மூன்றாம் நாள் மூட்டைகளை இறக்கியபோது ஒரு கீறல்கூட இல்லை. பெரிய பொறியாளர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் ஏதோ சாதித்தவன் மாதிரி இரண்டு வருடம் திரிந்தேன்.

கூரை ஏறிய வருடமே தீபத்தன்று மேடம் என்னை அழைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். மதியம் மூன்று மணி இருக்கும். பாதை கொள்ளாத கூட்டம். மண்டபம் காலி. உள்ளே காற்று சிலுசிலுவென்று வீசிக்கொண்டிருந்தது. ஒரு நாய் படுத்திருந்தது, அவ்வளவுதான். ஜனங்கள் எல்லோரும் வெளியே அந்தச் சுவரின் அடியில், சாலைப் புழுதியில், மலையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவர் அவர்களுக்கு முதுகு சாய உதவியது. மாலை வெயில் விழாமல் நிழலும் கொடுத்தது. எங்கள் மண்டபத்தால் ஆன உபயோகம் அதுதான்.

மேடம் அவர்கள் நடுவே போய் உட்கார்ந்தார். கால் வீங்கிய ஒரு அம்மா பக்கத்தில் இருந்தார். "உள்ள நல்லாக் காத்து வருதே, ஏம்மா இங்க புழுதியில உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"உள்ள போனா அண்ணாமலையாரு தெரியலையேம்மா. அவரச் சுத்த வந்துட்டு அவருக்கே முதுகு காட்டிக்கினு குந்தச் சொல்றியா? எந்தப் புண்ணியவான் கட்னானோ, சொவத்த இந்தப் பக்கம் வச்சிட்டான்" என்றார் அந்த அம்மா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். பிறகு வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பஸ்ஸுக்கு இடம் பிடிக்கப் போனேன். அவர் மேஸ்திரி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் என்னைப் பார்த்து, "இது உங்களுக்குத் தோணலையா குமரேசன்?" என்றார்.

"யோசிக்கல மேடம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த துறைக் கூட்டத்தில் எழுந்து, "மண்டபத்தின் திசை தவறு. அந்தத் தவறு என்னுடையது" என்று சொன்னார். இரண்டு வாக்கியம். மூத்தவர்கள் சிலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்களைக் கட்டுமான வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று ஒருவர் தேநீர் வேளையில் என் காதுபடவே சொன்னார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கூரையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது பாடத்திட்டத்தில் ஏறியது.

மேடம் விடவில்லை. சுவரில் நான்கு திறப்பு வைத்தால் போதும், உட்கார்ந்த இடத்திலிருந்து மலை தெரியும் என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார். கட்டடம் நல்ல நிலையில் உள்ளது, மாற்றம் செய்வதானால் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று தேவை என்று பதில் வந்தது. அந்தப் பொறியாளர் நான்தான். ஒரே ஒரு தாள். மூன்று தடவை என்னிடம் வந்து கேட்டார். மூன்று தடவையும் காகிதத்தில் பென்சில் வைக்காமலே, "சுவரைத் தொட்டா கூரை இறங்கிடும் மேடம்" என்றேன். கணக்குப் போட்டுப் பார்க்கப் பயம். நிற்கும் என்று வந்துவிட்டால், ஆரம்பத்திலேயே திறந்து வைத்திருக்கலாமே என்று ஆகிவிடும். மூன்றாவது தடவை ஒரு டிரேசிங் தாள் சுருளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பிரிக்காமல் கீழ் இழுப்பறையில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. வருடா வருடம் அலுவலகத்துக்கு மட்டும் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவந்தார். வருடா வருடம் அதே பதில். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள் அந்தச் சுருளை எடுத்துப் பிரித்தேன். கணக்குப் போட உட்கார்ந்தேன். பதினோரு மணி வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் ஒரு நல்ல மனுஷியை அலைய வைத்த கணக்கு ஒரு காலைப் பொழுதைக்கூட முழுதாக எடுக்கவில்லை. எனக்கு என் மேலேயே வந்த எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது.

அந்த வாரமே அடி அண்ணாமலைக்குப் போனேன். முனுசாமி மேஸ்திரிக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. செய்தியைச் சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திறப்பு வைக்கப் போகிறேன் என்றேன்.

"மேல ஒரு ஆர்ச்சு திருப்பிட்டா நின்னுக்கும் சார். இத்த நான் அப்பவே மேடத்தாண்ட சொன்னனே."

"எப்போ?"

"அதான், தீபத்தன்னிக்கு தண்ணி குடிக்க வந்தாங்களே. அப்பதான் எல்லாம் சொன்னேன். இடுப்பு மட்டம் வந்தப்பவே சாராண்ட சொன்னேன், சார்தான் மேடம் யோசிச்சுப் போட்டதுன்னுட்டாருன்னேன். அதுக்கு அவங்க, 'அவர் பேரை யார்கிட்டயும் சொல்லாதீங்க மேஸ்திரி'ன்னாங்க. நானும் சொல்லல."

அப்படியானால் பஸ்ஸில் என்னிடம் கேட்டபோது அவருக்கு எல்லாம் தெரியும். நான் பொய் சொன்னேன் என்று தெரியும். துறைக் கூட்டத்தில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோதும் தெரியும். மூன்று தடவை என் அறை வாசலில் வந்து நின்றபோதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கையை முறுக்கிச் சான்றை வாங்கியிருக்கலாம். ஏன் மேடம் சொல்லவில்லை? எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. அப்படி ஒரு மரியாதையை என்னைப் போன்றவனுக்குக் கொடுத்து என்ன கண்டார்?

சான்றை எழுதி மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எழுத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "மனு அவங்க பேர்ல இருக்குங்களே. மனுதாரர் காலமாயிட்டாங்கன்னா கோப்பை மூடிட வேண்டியதுதாங்க" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து என் பெயரில் புது மனு எழுதினேன். 'மாற்றம் கோரும் காரணம்' என்ற இடத்தில், பாதைப் பக்கச் சுவர் என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் எழுதத் தேவையில்லைங்க சார்" என்றார். இருக்கட்டும் என்றேன். எப்போது உத்தரவு வரும் என்று தெரியாது. மாதம் ஒரு தடவை போய் அந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த டிரேசிங் தாள் ஒன்றுதான். சுவரில் நான்கு திறப்பு. ஒவ்வொன்றிலும் மலை. அவர் வழக்கப்படி ஆட்களையும் வரைந்திருக்கிறார், தரையில் காலை நீட்டி மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. கீழ் மூலையில் பென்சிலால் சின்னதாக, 'குமரேசன் பார்த்துச் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்.

பார்த்துவிட்டேன் மேடம். நிற்கும்.